பிசுக்கு ஊறும் நேரம்

2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமல் பெய்த மழை, ஒரு மாதத்துக்குரிய நீரை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் உலு லங்காட்டிலும் வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. வாசலில் நின்ற கார்கள் அதற்கு முன்பே மூழ்கிவிட்டன. அந்தப் பருவ வெள்ளத்தால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் வாகனங்களின் பங்கு மட்டும் 100 கோடி. சாதாரண வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது, தனியாகப் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தார்கள். ஆகவே ஆயிரக்கணக்கான கார்களின் பானட்டைத் திறந்து சேற்றை அள்ளிய கைகள், உரிமையாளர்களுடையவை அல்லது பக்கத்துப் பட்டறைப் போர்மேன்களுடையவை. மேலாகப் படிந்த சேறு தண்ணீர் விட்டதும் இறங்கிவிடும். கனெக்டர்களின் இடுக்கிலும் ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவிலும் காய்ந்த வண்டல் இறங்காது. அதற்கும் அடியில், வெள்ளத்துக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஒட்டிக் கிடக்கும் கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு அசையவே அசையாது. ஒன்று ஓரிரவில் வந்தது, மற்றது ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. இரண்டையும் விரட்ட மனிதர்கள் முதலில் எடுப்பது கடும் இரசாயனம், அடுத்தது கடும் விசை. இந்த அத்தியாயத்தில் நான் வாதிடப்போவது மூன்றாவது ஒன்றுக்காக: நேரம். இன்ஜின் அறையில் தாராளமாகக் கூட்டிக்கொள்ளக்கூடிய ஒரே சாதனம் அதுதான் என்பதற்கு இயற்பியலும் வேதியியலும் சான்று தருகின்றன.

எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இன்ஜினின் தலைமேல் இருக்கும் வால்வு மூடிக்கும் அதன் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் ஒன்று உண்டு. சூட்டில் அது கெட்டிப்பட்டுச் சுருங்கும்போது, விளிம்பில் எண்ணெய் கசியும். சொட்டாது; வியர்வை போலத் துளிர்த்துப் பரவும். தொட்டிக்குள் இருக்கும்வரை அந்த எண்ணெயைக் காக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கலந்திருக்கும். வெளியே வந்து மெல்லிய படலமாகச் சூடான உலோகத்தில் பரவியதும் அந்தக் காவல் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. காற்றின் ஆக்சிஜன் ஹைட்ரோகார்பன் சங்கிலிகளைத் தாக்குகிறது. பெராக்சைடுகள் உண்டாகி உடைந்து, ஆல்டிஹைடுகளும் கரிம அமிலங்களும் ஆகின்றன. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பெரிய பெரிய மூலக்கூறுகளாகின்றன. இரும்பும் செம்பும் இந்த வினையை முடுக்கிவிடும். நிறம் தேன்போலத் தொடங்கி, பழுப்பாகி, கடைசியில் கறுக்கும். பாமாயிலில் பொரிக்கும் அடுப்படியில், புகைபோக்கி விசிறியின் இறக்கையில் ஒட்டும் பிசினும் இதே குடும்பம்தான். அதில் சாலைத் தூசு, டயர்த் துகள், டீசல் கரி எல்லாம் வந்து பதிந்து கம்பளி போல ஒரு மேலுறை உண்டாகிறது. விரலால் சுரண்டினால் மேலே மெத்தென்று பெயரும். உள்ளே போகப்போக நகம்போல் கெட்டியாக இருக்கும். அந்த உள்ளடுக்குதான் வயதானது. இத்தகைய வினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வேதியியலில் பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் 30 டிகிரியில் இரண்டு மாதத்தில் மூப்படையும் படலம், 90 டிகிரியில் ஒரே நாளில் மூப்படையும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு இன்ஜினை அணைத்த பிறகும், பானட்டுக்கு அடியில் தேங்கிய சூடு நெடுநேரம் இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வெள்ள வண்டலின் கதை வேறு. கிள்ளான் ஆற்றுப்படுகையின் மண் பெரும்பாலும் கருங்கல் பாறைகள் வெப்பமண்டல மழையில் கரைந்து சிதைந்து உண்டானது. கயோலினைட் களிமண்ணும் இரும்பு ஆக்சைடும் அதில் மிகுதி. களிமண் துகள் என்றால் 2 மைக்ரானுக்கும் குறைவான தட்டைத் தகடு. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அத்தாப்பு ஓலைக் கூரைகளாலான கோலாலம்பூரை அழித்த பின், ஊரைச் செங்கல்லால் எழுப்ப பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் முனைந்தபோது, இத்தகைய களிமண்ணைச் சுடும் சூளைகள் எழுந்த இடம் பிரிக்ஃபீல்ட்ஸ். அந்தச் சூளைகள் இங்கே ஒரு முக்கியமான வரம்பை நினைவூட்டுகின்றன. கயோலினைட்டின் படிக அமைப்புக்குள் கட்டுண்ட நீர் வெளியேற ஏறத்தாழ 500 டிகிரி வேண்டும். அது வெளியேறிவிட்டால் மண் மீண்டும் குழையாது. இன்ஜினின் பெரும்பகுதி 100 டிகிரியைச் சுற்றியே இருப்பதால், அங்கே காய்ந்த சேறு கல்லாவதில்லை. அதன் இடைவெளிகளில் இருந்த நீர் மட்டும் போயிருக்கிறது. காயும்போது நீரின் இழுவிசை தட்டைத் துகள்களை முகத்தோடு முகம் நெருக்கிவிடுகிறது, கரைந்திருந்த உப்புகள் நடுவே படிகமாகின்றன. இறுகிப்போனது போலத் தெரிவதற்குக் காரணம் இவ்வளவுதான். சேறு அப்பிய வண்டியைக் கழுவாமல் ஓட்டினால், புகை வெளியேறும் மேனிஃபோல்டின் மேல் மட்டும் நிலைமை மாறும். அங்கே பல நூறு டிகிரி ஏறுவதால் மண் உண்மையிலேயே சுடப்படலாம். மற்ற இடங்களில் நீர் திரும்ப உள்ளே நுழைந்தால் சேறு திரும்பச் சேறாகும். நுழைய நேரம் வேண்டும். மண் ஆய்வுக்கூடங்கள் இதை நன்றாக அறிந்தவை. களிமண்ணின் துகள் அளவைக் கணக்கிடும் அமெரிக்கத் தர நடைமுறை ஒன்று, மாதிரியைச் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் குறைந்தது 16 மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் கலக்குவார்கள். துகள்களைப் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் விசைக்கு முன்னால் ஊறலை வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை செய்த வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர், 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சலவையைப் பற்றி ஒரு எளிய படம் வரைந்தார். சுத்தம் செய்வதில் நான்கு காரணிகள் உண்டு: இரசாயனம், இயக்க விசை, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றால் அந்தக் குறையை நிரப்ப வேண்டும். சலவை இயந்திரத்துக்காகச் சொன்னது இது. இன்ஜின் அறைக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. ஏனென்றால் இங்கே முதல் மூன்றுக்கும் உச்சவரம்பு இருக்கிறது. இரசாயனம் கடுமையானால் அலுமினியம் அரிபடும், ரப்பர் ஊதும். விசை கூடினால் கனெக்டருக்குள் தண்ணீர் போகும். சூடு கூடினால் கரைப்பான் பற்றிக்கொள்ளும், சோப்புக் கரைசல் காய்ந்து தன் பங்குக்குத் தானே ஒரு கறையாகும். வரம்பில்லாமல் நீட்டக்கூடியது நேரம் ஒன்றுதான். அதுவும் மென்மையான கரைசலோடு சேர்ந்தால்தான்; காட்டமான காரத்தை ஒரு மணி நேரம் விட்டுவைப்பது நான் சொல்லும் பொறுமையில் சேராது.

நேரம் என்ன வேலை செய்கிறது? முழுமையாகக் கோத்துக்கொண்ட பழைய பிசுக்கை எந்தக் கரைப்பானும் கரைத்துவிட முடியாது. மூலக்கூறுகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஆனால் கரைப்பான் அந்த வலைக்குள் ஊடுருவி அதை உப்ப வைக்கும். உப்பும் படலம் பக்கவாட்டில் விரிய முயல்கிறது, அடியில் இருக்கும் உலோகமோ விரிவதில்லை. இந்த முரண்பாட்டில் பிடிப்பு நெகிழ்ந்து, பிசுக்கு தோல்போல உரிந்து வரும். ஊடுருவலின் கணக்கை 1855இல் அடோல்ஃப் ஃபிக் எழுதிவைத்தார். அதன்படி, ஒரு படலத்தின் அடிவரை நனைய ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 0.1 மில்லிமீட்டர் படலம் நனையக் கால் மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு மணி, 0.4 மில்லிமீட்டருக்கு நான்கு மணி. கரைப்பானைத் தெளித்த ஐந்தாவது நிமிடமே தேய்க்கத் தொடங்குகிறவர் மேல்தோலை மட்டும் வழித்துவிட்டு, “இது போகாது” என்று முடிவு கட்டுகிறார். அதே கணக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறது: மரச்சிம்பாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ முதலில் பாதித் தடிமனைச் சுரண்டி எடுத்துவிட்டால், மிச்சம் ஊறும் நேரம் கால்பங்காகக் குறையும். இரும்புத் தகடு வேண்டாம். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அடுத்த பிசுக்கு அங்கேதான் முதலில் பற்றும்.

“இவ்வளவு பொறுமை எதற்கு? கடையில் கிடைக்கும் காட்டமான டிகிரீசர் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று ஆக்குகிறதே” என்பது முதல் எதிர்வாதம். ஆக்குவது உண்மைதான். காட்டமான டிகிரீசர்கள் பலவற்றின் வலிமை காரத்திலிருந்து வருகிறது. நீராவி இன்ஜின் காலத்துப் பட்டறைகளில் இரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுக் கொதிக்கவைப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது, இரும்பு அதைத் தாங்கும் என்பதால். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவிலேயே பிளாக் இரும்பு என்றாலும் தலைப்பகுதி அலுமினியமாகிவிட்டது. இன்றைய பல கார்களில் பிளாக்கும் அலுமினியமே. அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பது அதன் மேல் தானாக உண்டாகும் சில நானோமீட்டர் தடிமன் உள்ள ஆக்சைடு உறை. பிஎச் 4க்கும் 8.5க்கும் இடையில் அந்த உறை நிலைத்திருக்கும். அதைவிடக் காரம் கூடினால் உறை கரைகிறது. பிறகு உலோகமே காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குமிழ்களை விடுகிறது. கழுவி முடித்த மறுநாள் அலுமினியத்தின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பூத்திருப்பது, பிசுக்கு போன இடத்தில் தெரியும் உலோகத்தின் காயம். பளிச்சென்று தெரிந்ததில் ஒரு பங்கு, கரைந்து போன அலுமினியம். இதைத் தடுக்கச் சிலிக்கேட் சேர்த்த தயாரிப்புகள் உண்டு. அவை உண்மையிலேயே மேல். பாட்டிலின் பின்பக்கத்தில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது, விலையைப் பார்ப்பதைவிட முக்கியம்.

இரண்டாவது எதிர்வாதம் அழுத்த நீர். 100 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சினால் எது நிற்கும்? மிகச் சிறிய துகள் நிற்கும். ஒரு துகளைப் பரப்போடு ஒட்டவைக்கும் விசை அதன் விட்டத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஓடும் நீர் அதை இழுக்கும் விசையோ விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. 100 மைக்ரான் மணலோடு ஒப்பிட்டால் 1 மைக்ரான் களிமண்ணின் ஒட்டுவிசை நூறில் ஒரு பங்கு; அதன்மேல் விழும் இழுவிசை பத்தாயிரத்தில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, எவ்வளவு வேகமாக நீர் பாய்ந்தாலும் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அது ஏறத்தாழ அசையாமல் நிற்கும். களிமண் துகள் ஒளிந்திருப்பது அந்த அடுக்கில்தான். அழுத்த நீரால் மணல் போகும், இலை போகும், கண்ணுக்கு முன்னேற்றம் தெரியும். மெல்லிய மஞ்சள் படலம் மட்டும் போகாது. எங்கே போகக்கூடாதோ அங்கே நீர் போய்விடும். கார் கனெக்டர்கள் பலவற்றின் தரக்குறி ஐபி67. ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் அமிழ்ந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். அழுத்தப் பீய்ச்சலைத் தாங்கும் என்று அது சொல்லவில்லை. 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 80 டிகிரி நீரை ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாகப் பீய்ச்சிச் சோதிக்கும் தரம் வேறு. அதன் குறி ஐபி69கே. வெள்ளத்தில் தப்பிய கனெக்டர், அதன்பின் நடந்த கழுவலில் கெட்டுப்போவது இதனால்தான். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளைந்து மூடிக்கொண்டால் காற்றுப் போக்கும் அடைபடும்.

மூன்றாவது எதிர்வாதத்தை மரியாதையோடு அணுக வேண்டும், ஏனென்றால் அது அனுபவத்தில் விளைந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் தொட்ட துணியால் பிசுக்கை எடுத்த மூத்த போர்மேன்களின் முறை, அடிப்படையில் சரியானது. எண்ணெயை எண்ணெய் கரைக்கும். உலோகத்தை அது சீண்டாது. மெதுவாக ஆவியாவதால் ஊற நேரமும் கொடுக்கும். அதன் குறைகள் மூன்று. கடைசியில் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாகத் தங்கி அடுத்த தூசியை வரவேற்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்க் குழாய்களில் பயன்படும் ஈபிடிஎம் வகை ரப்பர், இத்தகைய எண்ணெய்களில் ஊதிப் பலமிழக்கும். மண்ணெண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை 38 டிகிரியை ஒட்டியது என்பதால் சூடான மேனிஃபோல்டின் அருகே அது ஆபத்து. பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் அதன் ஆவி பற்றும். இங்கேதான் இந்த மண்ணின் சொந்தப் பொருள் ஒன்று கவனத்துக்கு வருகிறது. 1982 முதல் மலேசியாவில் பாமாயிலிலிருந்து மெத்தில் எஸ்டர் எடுக்கும் ஆய்வு நடந்துவருகிறது. 2019இல் பம்பில் கிடைக்கும் சாதாரண டீசலில் அது 10 விழுக்காடு கலக்கப்படத் தொடங்கியது. இதே மெத்தில் எஸ்டர் குடும்பம் தொழில்துறையில் கரைப்பானாகவும் பயன்படுகிறது. பிசின் கரைக்கும் திறனை அளக்கும் கௌரி-பியூட்டனால் எண்ணில் மண்ணெண்ணெய் 30களில் நிற்க, சோயா மெத்தில் எஸ்டர் 60ஐ நெருங்குகிறது. தீப்பற்று வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல். ஆவியாவது மிக மெதுவாக. வேகமாக வேலை முடிக்க நினைப்பவருக்கு அந்த மெதுத்தன்மை குறை. ஊறவைக்க நினைப்பவருக்கு அதுவே வரம். ஆனால் வேலை முடிந்ததும் மென்சோப்பு நீரால் அதைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். அதன் மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாவதால், விட்டுவைத்தால் அதுவே புதுப் பிசினாகும். ரப்பரை அது தொடாமல் பார்ப்பதும் நல்லது.

கழுவும் கடைக்காரர் எழுப்பும் எதிர்வாதம் பொருளாதாரம் சார்ந்தது, நியாயமானதும்கூட. பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற நெருக்கடியான இடத்தில் ஒரு காரை ஒரு மணி நேரம் சும்மா நிறுத்திவைத்தால் வாடகைக்கே கட்டாது. ஊறும் நேரமும் உழைக்கும் நேரமும் ஒன்றல்ல என்பது என் பதில். கரைசலைப் பூசிவிட்டு அடுத்த காரைக் கழுவலாம். இடம்தான் பிடிக்குமே தவிர ஆள் பிடிக்காது. ஐந்து நிமிடத்தில் முடிப்பவர் தேய்க்கும் கையின் நோவையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். ஆனால் ஊறல் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: கரைசல் காயக்கூடாது. கோலாலம்பூரில் காற்றில் ஈரம் மிகுதிதான். ஆனாலும் நண்பகல் வெயிலில், சூடான இன்ஜின் மேல் பூசிய சோப்பு நீர் சில நிமிடங்களிலேயே காய்ந்து வெள்ளைக் கோடாகிவிடும். நிழலில் நிறுத்தி, கை வைத்தால் இதமாகச் சுடும் அளவுக்கு இன்ஜினை ஆறவிட வேண்டும். அந்த மிதமான சூடு தேவையும்கூட. பிசுக்கை இளக்கி ஊடுருவலை விரைவாக்கும். செங்குத்தான இடங்களில் வழியாமல் நிற்கும் கூழ்வகைக் கரைசலோ, கரைசலில் நனைத்த துணியை ஒட்டி அதன்மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்துவதோ போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆல்டர்னேட்டரையும் காற்று உறிஞ்சும் வாயையும் மூடிவிட்டுத் தொடங்குவது எந்த முறைக்கும் பொது.

இதற்கு நேர் எதிரான கருத்தும் பட்டறைகளில் உண்டு: ஓடுகிற இன்ஜினை ஏன் தொட வேண்டும்? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வால்வு மூடியில் தேன்நிறத்தில் படிந்த மெல்லிய கெட்டிப் படலம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அதைப் பெயர்க்கச் செலவழிக்கும் கரைப்பான் வீண். கம்பளிபோல் தடித்த பிசுக்கின் கதை வேறு. அது கசிவை மறைக்கிறது. எந்தக் கேஸ்கெட்டிலிருந்து எண்ணெய் வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாதபோது, போர்மேன் ஊகத்தில் பாகம் மாற்றுகிறார், பணம் கொடுப்பவர் இரண்டு முறை கொடுக்கிறார். சூடான குழாய்க்கு அருகே எண்ணெய் ஊறிய தூசு எரிபொருளுக்குச் சமம். வெள்ள வண்டலைப் பொறுத்தவரை விட்டுவைப்பது என்ற பேச்சே கூடாது. கழிவுநீரும் உப்பும் கலந்த அந்த ஈரம் கனெக்டருக்குள் செம்பு முனைகளைத் தின்னத் தொடங்க நாள்கள் போதும். கழுவல் பொறுமையாக நடக்கலாம். கழுவத் தொடங்குவது தாமதிக்கக்கூடாது.

பிசுக்கு பரப்பை விட்டுப் போனபின் எங்கே போகிறது என்ற கேள்வியிலும் இதே வாதம் இன்னொரு சான்றைப் பெறுகிறது. பட்டறைகளின் கழிவுநீர்த் தொட்டியில் எண்ணெய் மிதந்து பிரியும் என்ற நம்பிக்கையில்தான் நீர் லோங்காங் எனும் வடிகாலுக்குப் போகவிடப்படுகிறது. துளி எவ்வளவு வேகமாக மேலே வரும் என்பதை 1851இல் ஸ்டோக்ஸ் கண்டறிந்த விதி சொல்கிறது. 100 மைக்ரான் எண்ணெய்த் துளி மணிக்குச் சுமார் 2 மீட்டர் உயரும். 10 மைக்ரான் துளி மணிக்கு 2 சென்டிமீட்டர்தான். காட்டமான டிகிரீசரும் அழுத்த நீரும் சேர்ந்து எண்ணெயை அந்தச் சிறு துளிகளாகத்தான் அரைக்கின்றன. அவை தொட்டியில் பிரிய நேரமில்லாமல் நீரோடு வெளியேறிவிடும். ஊறவைத்து, சுரண்டி, துணியால் துடைத்தெடுத்த பிசுக்கு நீருக்குள் போவதே குறைவு. அது துணியில் இருக்கும். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளில் பழைய மசகு எண்ணெய்க்குக் குறி எஸ்டபிள்யூ305, எண்ணெய் ஊறிய துணிக்குக் குறி எஸ்டபிள்யூ410. அந்தத் துணிகளை மூடிய கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். லோங்காங்கில் போனதற்குக் குறியும் இல்லை, சேகரிப்பாளரும் இல்லை. அது பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆற்றில் கலந்து, ஷா ஆலத்தையும் கிள்ளானையும் கடந்து, போர்ட் கிள்ளானில் மலாக்கா நீரிணையைச் சேர்கிறது.